கசிவும் ஒழுக்கும்

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கையில்தான்
இந்தக் கேள்வி வரும்.
கேட்பவர் முகம் தெரியாது; செருப்பு தெரியும்.
இன்றைக்கு ஆண்கள் செருப்பு, பெரிய அளவு,
அதற்குள் ஆர்லெட் நிக்விஸ்டின் சின்னப் பாதங்கள்.
"வாரண்டியைப் புதுப்பிக்கலாமா, எஸ்டெபான்?"

குவார்ட்ஸைட். ஜனவரி.
அரிசோனாப் பாலையில் கண்ணுக்கெட்டியவரை
சக்கரம் வைத்த வீடுகள்.
இவருடையதற்கு வயது இருபத்திரண்டு, நீளம் முப்பத்துநாலு அடி.
பின்கண்ணாடியில் மினசோட்டா ஏரிகளின் ஸ்டிக்கர்கள்,
வெயிலில் வெளுத்து
இப்போது எல்லாம் ஒரே ஏரி.

மூன்று வருடத்துக்கு நாலாயிரத்து முந்நூறு டாலர்.
ஒவ்வொரு பழுதுக்கும் முதல் இருநூறு நம் கையிலிருந்து.
போன தடவை போட்டது வெர்னின் கையெழுத்து.
கையெழுத்து இருக்கிறது, நீலமாக, கோணலாக.
கை அக்டோபரில் போய்விட்டது.

நான் வாரண்டி விற்பவன் இல்லை.
ஒழுங்காகப் பதில் சொல்ல
எனக்கு ஒரு நட்டைக் கழற்றும் நேரம் வேண்டும்.
சொன்னேன்:
யூமா போகும் வழியில் டஃபி லார்கினுக்கு
கியர்பாக்ஸ் நொறுங்கியது. பதினோராயிரம்.
கம்பெனி ஒன்பதைக் கொடுத்தது.
மனிதர் அந்தக் கம்பெனிக்குக் கோயில் கட்டாத குறை.
அதே கம்பெனி, அதே தாள்,
பக்கத்து வரிசை இமோஜினின் குளிர்பெட்டி செத்தபோது
"தேய்மானம்" என்று ஒரு சொல் எழுதிக் கைகழுவியது.
தேயாமல் எது ஓடுகிறது, சொல்லுங்கள்.
டயர் கிடையாது. கூரை ரப்பர் கிடையாது. துரு கிடையவே கிடையாது.
பெரிதாக ஒருமுறை உடைந்தால் காசு வரும்.
பழைய வண்டியோ
சின்னச் சின்னதாகத்தான் உடைகிறது.

ஆர்லெட்டுக்கு இதெல்லாம் தெரியும்.
போன செவ்வாய் ஃபீனிக்ஸிலிருந்து ஆய்வுக்கு வந்த பையன்,
பெயர் ப்ரேடன்,
தரையில் படுக்க யோகா பாய் கொண்டுவந்திருந்தான்.
டார்ச் அடித்து நாற்பது படம் எடுத்தான்.
வண்டியைத் தாங்கும் ஜாக்கில் எண்ணெய்;
என் கட்டைவிரலே நனைந்தது.
"இது கசிவு," என்றான், "ஒழுக்கு இல்லை.
பதினேழாம் பக்கம்."
எவ்வளவு கசிந்தால் ஒழுக்கு?
"சொட்டாக விழவேண்டும், மேடம்."

மூன்று பேரும் குனிந்து காத்திருந்தோம்.
ஒரு சொட்டு திரண்டது. தொங்கியது.
பையன் கடிகாரம் பார்த்தான்,
இன்னொரு பத்து நிமிடம் தந்தான்.
அவனும் விழட்டும் என்றுதான் பார்த்தான், பாவம்.
விழவில்லை.
அவன் கார் கிளப்பிய புழுதி அடங்கியபின்
விழுந்தது.

"மாதம் நூற்றிருபதை ஒரு காபி டின்னில் போட்டு வையுங்கள்,"
எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன்.
"டின் இருக்கும் இடம் என் மகனுக்குத் தெரியும்," என்றார்.
செருப்புகள் சிரித்த மாதிரி இருந்தது.

கொஞ்சம் காற்று. தூரத்தில் யாருடைய ஜெனரேட்டரோ
இருமி இருமி நின்றது. நாளைக்கு அங்கே வேலை.

"புதுப்பித்தால், ராத்திரி நடுவழியில் நின்றுபோனால்,
யாராவது போனை எடுப்பார்கள் இல்லையா?"

எடுப்பார்கள், என்றேன்.
முதலில் பாட்டு ஓடும். நாற்பது நிமிடம் ஓடும்.

"பாட்டு பரவாயில்லை."

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.
நாலாயிரத்து முந்நூறை இதால் எப்படி வகுப்பது?
ஒன்பது-பதினாறு ஸ்பானர் கேட்டேன்.
வெர்னின் பெட்டியில் நெடுநேரம் துழாவி
அரை இஞ்சு எடுத்துத் தந்தார்.
அது இந்த நட்டுக்குள் நுழையாது.
நுழைந்ததுபோல் கொஞ்ச நேரம்
சத்தம் செய்துகொண்டிருந்தேன்.